சுமித்திரை காத்திருந்த ஆண்டுகள்

இராமாயணத்தில் அதிகம் பேசாத தாய் ஒருத்தி உண்டு. கோசலையின் கண்ணீரைக் கவிகள் பாடினார்கள். கைகேயி கேட்ட வரங்களைச் சிறு குழந்தையும் அறியும். சுமித்திரா தேவியை நாம் நினைப்பது குறைவு. இராமபிரானைக் காட்டுக்கு அனுப்பியது தந்தையின் வாக்கு. இலக்குவனை எந்த வாக்கும் கட்டவில்லை. அண்ணனுக்குக் காவலாகப் போக வேண்டும் என்று அவனாகவே விரும்பினான். அவனைத் தடுக்காமல் மனமுவந்து வாழ்த்தி வழியனுப்பியவள் அந்தத் தாய். அவளுடைய இளைய மகன் சத்துருக்கனனும் பின்னர் பரதனுக்குத் துணையாக நந்திக்கிராமம் சென்றான். கணவர் தசரதரும் சில நாட்களிலேயே மறைந்தார். பெற்ற பிள்ளைகள் இருவரையும் பணிக்குக் கொடுத்துவிட்டு 14 ஆண்டுகளை அவள் எவ்வாறு கழித்தாள்? சில காலமாக இந்தக் கேள்வி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

எங்கள் பிள்ளைகள் இருவரும் இராணுவத்தில் இருக்கிறார்கள். நாங்கள் வேலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவர்கள். இந்த வட்டாரத்தில் இது புதிய செய்தி அன்று. அருகிலுள்ள கம்மவான்பேட்டையை மக்கள் 'இராணுவப்பேட்டை' என்றே அழைப்பார்கள். தலைமுறை தலைமுறையாகப் படைக்கு ஆள் கொடுத்து வரும் ஊர் அது. என் கணவரும் 1984-ஆம் ஆண்டு மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்து, 24 ஆண்டுகள் பணிபுரிந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மூத்த மகன் 2013-இல் சேர்ந்தான். இப்போது மனைவி, மகளோடு வடக்கே படைக் குடியிருப்பில் வசிக்கிறான். இளையவன் 2023-இல் அக்னிவீரராகச் சேர்ந்தான். அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு தட்டுகள் மட்டுமே கழுவப்படுகின்றன.

அரைப்படி அரிசி போட்ட கை ஒரே நாளில் ஆழாக்குக்குக் குறைந்துவிடாது. முதல் சில மாதங்கள் தினமும் சோறு மீந்தது. மாலை ஆறு மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் காது தானாகத் திரும்பும். கல்யாணமாகிப் போன மகளை நினைத்தும், வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகனை நினைத்தும் ஏங்கும் பெற்றோர் இந்த இதழின் வாசகர்களில் பலர் இருப்பீர்கள். அந்த வெறுமையை நீங்களும் அறிவீர்கள். சிப்பாயைப் பெற்றவர்களுக்கு அந்த வெறுமையோடு அச்சமும் சேர்ந்து குடியிருக்கும். அவ்வளவே வேறுபாடு.

இளையவனின் உறுதிமொழி அணிவகுப்பைக் காண நீலகிரி மலையில் உள்ள வெலிங்டனுக்குச் சென்றிருந்தோம். அணிவகுப்பில் இளைஞர்கள் தத்தம் சமயத்தின் புனித நூல்மீது கை வைத்து, நாட்டுக்காக உயிரையும் கொடுப்போம் என்று உறுதி கூறுகிறார்கள். 1758-ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைத் தொடங்கும் அந்தப் படைப்பிரிவின் குறிக்கோள் வாசகம், பகவத் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. தனக்குரிய தர்மத்தில் நின்று மடிவதும் மேலானது என்பது அதன் கருத்து. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதே மண்ணில் நின்று அதே உறுதிமொழியை எடுத்தவர் என் கணவர். அன்று அவர் பெற்றோருக்கான இருக்கையில் அமர்ந்திருந்தார். கை மட்டும் முழங்கால்மீது நடுங்கிக்கொண்டே இருந்தது. நான் அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.

அவர் அஞ்சாத மனிதர். 1999-ஆம் ஆண்டு மே மாதம் கார்கில் போர் மூண்டபோது அவர் எல்லைப் பகுதியில் இருந்தார். கடிதம் வர இரண்டு வாரம், மூன்று வாரம் ஆகும். உறையின்மேல் '56 ஏ.பி.ஓ.' என்று எழுதுவோமே தவிர, எந்த ஊர், எந்த மலை என்பது எங்களுக்குத் தெரியாது. ஜூலை மாதத்தில் போர் முடியும்வரை தபால்காரரின் சைக்கிள் மணிதான் எனக்குச் சுப்ரபாதம். திரும்பி வந்தவர் அந்த நாட்களைப் பற்றி நான்கு வார்த்தைகளுக்குமேல் பேசியதில்லை.

அப்படிப்பட்டவர், சென்ற ஆண்டு மூத்தவன் தொலைபேசித் தொடர்பே இல்லாத உயரமான காவல் நிலைக்குச் சென்று 23 நாட்கள் பேசாதிருந்தபோது, இரவு இரண்டு மணிக்குத் திண்ணையில் நடந்துகொண்டிருந்தார். நான் எழுந்து போய் அருகில் நின்றேன். நெடுநேரம் கழித்துக் கேட்டார்:

"நான் போயிருந்தப்போ நீ இப்படித்தான் இருந்தியா?"

"இருந்தேங்க. ஆனா அப்போ பெரியவனுக்கு நாலு வயசு. அவனைத் தூங்க வைக்கிற வேலை இருந்துச்சு" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. போர்முனையில் நிற்பவனுக்குச் செய்ய ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் நிற்பவர்களுக்கு எந்த வேலையும் இல்லாததே பெரிய பாரம். கணவர் எல்லையில் இருந்த காலத்தில் குழந்தையின் பசியும் படிப்பும் என் அச்சத்தைப் பங்கிட்டுக்கொண்டன. இன்று அதைப் பங்கிட்டுக்கொள்ள வீட்டில் சின்னஞ்சிறு உயிர் எதுவும் இல்லை. அந்த வேலையை நாங்களாகத்தான் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்தத் தேடலில் எங்களுக்கு வழி காட்டியவர், பெயரிலேயே வழியை வைத்திருக்கும் பெருமான். வேலூருக்கு மேற்கே, பாலாற்றின் தென்கரையில் விரிஞ்சிபுரத்தில் எழுந்தருளியிருக்கும் மார்க்கபந்தீசுவரர் அவர். வழித்துணைநாதர் என்பது அவருடைய அழகிய தமிழ்ப் பெயர். அம்பிகை மரகதாம்பிகை. கள்வர் பயத்தோடு பயணம் செய்த மிளகு வணிகர் ஒருவருக்கு ஈசனே வழித்துணையாக வந்தார் என்று தலவரலாறு கூறுகிறது. அப்பைய தீட்சிதர் இந்தப் பெருமான்மீது 'மார்க்கபந்து ஸ்தோத்திரம்' அருளினார். இன்றும் பயணம் புறப்படுவோர் பலர் அதைச் சொல்லிவிட்டுத்தான் வாசற்படி தாண்டுகிறார்கள்.

இத்தலத்தின் சிம்ம தீர்த்தத்தில் கார்த்திகை மாதக் கடைஞாயிறன்று, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் நள்ளிரவில் நீராடி, ஈர உடையோடு கோயிலில் படுத்து வரம் வேண்டுவார்கள். கூட்டம் அலைமோதும். நானும் ஒரு கடைஞாயிறன்று அந்த நீரில் மூழ்கி எழுந்தவள்தான். பிள்ளையைக் கொடுக்கும் சுவாமியும், அந்தப் பிள்ளை போகும் வழியில் துணை போகும் சுவாமியும் இங்கே ஒருவரே. பெற்றவள் வாசற்படி வரை வருவாள். அதற்குமேல் வருபவர் அவர். இந்த எண்ணம் உள்ளத்தில் பதிந்த பிறகு, 'என் பிள்ளை தனியே இருக்கிறானே' என்ற சொல் என் வாயில் வருவதில்லை.

பிரதோஷம்தோறும் நாங்கள் விரிஞ்சிபுரம் போகத் தொடங்கினோம். நந்தியெம்பெருமானுக்கு அபிஷேகம் நடக்கும் வேளையில், கூட்டத்தில் கண்ணை மூடாமல் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்ற ஓர் அம்மாளைக் கண்டேன். விசாரித்தபோது, ஒரே மகன் படையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆயிற்று என்றார். "சாப்பாடு இறங்கலை அக்கா" என்று என் தோளில் சாய்ந்துகொண்டார். அன்று அவருக்காக வேண்டிக்கொண்டு வீடு திரும்பியபோதுதான், மனத்தில் இருந்த கேள்விக்கு விடை கிடைத்தது.

வால்மீகி முனிவர் அயோத்தியா காண்டத்தில் ஓர் இடம் வைத்திருக்கிறார். இராமன் போனபின் கோசலை ஆற்றாது அழுகிறாள். அப்போது அவளருகே அமர்ந்து, இராமனின் பெருமையையும் அவன் திரும்பி வரப்போவதையும் எடுத்துச் சொல்லித் தேற்றுபவள் சுமித்திரை. அவள் மகனும் அதே காட்டில்தான் இருக்கிறான். ஆயினும் தன் துயரத்தைச் சொல்லி அவள் அழவில்லை. அடுத்தவளின் துயரத்தைத் துடைக்கிறாள். அவளுக்கு அமைந்த தர்மம் அது. கீதை கூறும் சுவதர்மம் போர்வீரனுக்கு மட்டும் உரியது அன்று. அனுப்பிவிட்டு வீட்டில் நிற்பவர்களுக்கும் ஒரு சுவதர்மம் உண்டு. மற்றொரு தாயைத் தேற்றுவது அதில் தலையாயது.

இப்போது பிரதோஷத்தன்று ஏழெட்டுக் குடும்பங்கள் பிராகாரத்தில் கூடுகிறோம். புதிதாகப் பிள்ளையை அனுப்பியவர்களுக்கு, அனுபவத்தில் அறிந்ததைச் சொல்கிறோம். பிள்ளை பேசும்போது வீட்டுக் கடன், மூட்டு வலி, பங்காளிச் சண்டை எதையும் முதலில் சொல்லாதீர்கள்; அவன் காவல் காக்கும் நேரத்தில் மனம் இங்கே அலையக்கூடாது. எங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அவன் சொல்லவும் கூடாது, அது தெரிந்து நீங்கள் பிறரிடம் சொல்லவும் கூடாது. எல்லையில் பதற்றம் என்றால் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு விளக்கேற்றி உட்காருங்கள். ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பும், 30 நாள் தற்செயல் விடுப்பும் நிலையான பணியில் உள்ள சிப்பாய்க்கு உண்டு; அக்னிவீரருக்கு அவ்வளவு இல்லை. அவன் வரும் நாளுக்காக மற்ற நாட்களை வீணடிக்காதீர்கள்.

என் கணவருக்கும் வேலை கிடைத்துவிட்டது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் என்ன மனு, எந்தச் சான்று என்று தெரியாமல் தவிக்கும் முதியவர்களையும் விதவைகளையும் அவரே அழைத்துச் செல்கிறார். பணியிலிருந்த காலத்தில் எனக்கு நான்கு வரி எழுதியவர், இன்று மாதம் ஒரு முறை பிள்ளைகள் இருவருக்கும் பக்கம் பக்கமாக எழுதுகிறார். கைப்பேசி இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்டேன். "சிக்னல் இல்லாத இடத்திலும் இதைத் திரும்பத் திரும்பப் படிக்கலாம்" என்றார். அந்த உறைக்குள் வழித்துணைநாதரின் திருநீற்றை நான் மடித்து வைக்கிறேன்.

அச்சம் நீங்கிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். அகால வேளையில் தொலைபேசி ஒலித்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. இளையவனின் நான்காண்டு 2027-இல் முடியும். ஒவ்வொரு பிரிவிலும் 25 விழுக்காடு வரையினரே நிலையான பணிக்குத் தேர்வு பெறுவர். அவன் அங்கேயே தொடர்வானா, வீடு திரும்புவானா என்பதை ஈசன் அறிவான். வீட்டுக்கு வரட்டும் என்று ஒரு மனம் வேண்டுகிறது. அவன் விரும்பியது கிடைக்கட்டும் என்று மறுமனம் வேண்டுகிறது. சந்நிதியில் நின்று இரண்டையும் சொல்லிவிட்டு வருகிறேன்.

யுத்த காண்டத்தில், நாகபாசத்தால் கட்டுண்டு இலக்குவன் வீழ்ந்து கிடக்கையில், இராமபிரான் புலம்புகிறார். மகனைக் காண ஏங்கியிருக்கும் சுமித்திரைத் தாய்க்கு என்ன சொல்வேன் என்பது அப்புலம்பலில் ஒன்று. இலங்கைக் கடற்கரையில், போரின் நடுவே, தொலைவில் காத்திருக்கும் தாயை இறைவனே நினைத்தான். பிள்ளைகளை அனுப்பிவிட்டு வெறும் வீட்டில் விளக்கேற்றும் ஒவ்வொரு தாய்க்கும் தந்தைக்கும் இந்த ஒரு செய்தி போதும். நாம் அவனை நினைக்கிறோம்; அவனும் நம்மை நினைக்கிறான். அடுத்த பிரதோஷத்துக்கு விரிஞ்சிபுரம் வந்தால், பிராகாரத்தில் எங்களோடு அமர உங்களுக்கும் இடம் இருக்கிறது.