பயிற்றுநரும் பதக்கமும்

ஆசிரியரின் பெருமை மாணாக்கரின் பெருமையாற் புலப்படும் என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கருத்தாகும். விளையாட்டுத் துறையில் இக்கருத்து இன்னும் வலிமை பெற்று விளங்குகின்றது. வீராங்கனையின் கழுத்தில் விழும் பதக்கமே பயிற்றுநரின் திறமைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகின்றது. ஆயின், அச்சான்று மட்டும் போதுமானதா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் ஏறத்தாழ மூன்று தசாப்தங்கள் மகளிர் நீச்சற் குழுவைப் பயிற்றுவித்த ரெரி மக்கீவர் என்பாரின் தொழில் வாழ்வு இவ்வினாவைக் கூர்மையாக எழுப்புகின்றது.

அவ்வாழ்வை அதன் சமூகப் பின்னணியில் வைத்து நோக்குதல் அவசியமாகும். 1972 ஆம் ஆண்டின் கல்வித் திருத்தச் சட்டத்தின் ஒன்பதாம் தலைப்பு, அமெரிக்க மத்திய அரசின் நிதியுதவி பெறும் கல்வி நிலையங்களிற் பால் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்தது. அதன் பயனாகப் பல்கலைக்கழகங்களிற் பெண்களுக்கான விளையாட்டுக் குழுக்கள் பெருகின. நிதியும் புலமைப்பரிசில்களும் கிடைக்கலாயின. ஆனால், எவரும் எதிர்பாராத விளைவொன்றும் ஏற்பட்டது. 1972 இற் பெண்கள் குழுக்களின் பயிற்றுநருள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பெண்களாகவே இருந்தனர். 2014 இல் இவ்வீதம் 43 ஆகக் குறைந்துவிட்டது. ஊதியமும் மதிப்பும் உயர்ந்ததும் ஆண்கள் அப்பதவிகளை நாடினர். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் ஒரே நிருவாகத்தின் கீழ் இணைக்கப்பட்டபோது, நியமிக்கும் அதிகாரமும் பெரும்பாலும் ஆண்களிடமே சென்றது. நீந்துவதற்கான உரிமை பெண்ணுக்குக் கிடைத்தது. நீச்சலைக் கற்பிக்கும் பதவி அவள் கையை விட்டு நழுவியது. டெக்சாஸ், ஸ்ரான்போட் ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் மகளிர் குழுக்களுக்குப் பன்னிரண்டு தேசியப் பட்டங்களைப் பெற்றுக்கொடுத்த ரிச்சட் குயிக் போன்ற ஆண்களே இத்துறையின் முன்னணியில் நின்றனர்.

இத்தகைய சூழலிலேதான் மக்கீவர் 1992 இற் பேர்க்லிக்கு வந்தார். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நீச்சல் வீராங்கனையாக விளங்கிய அவர், பிரெஸ்னோ அரச பல்கலைக்கழகத்திற் பயிற்றுநராகப் பணியாற்றிய பின்னரே அங்கு சென்றார். அவருடைய பெயரைப் பரவச் செய்தவர் நற்றாலி கோக்லின் ஆவார். தோட்பட்டைக் காயத்தினால் மனந்தளர்ந்திருந்த நிலையில் 2000 இல் அவரிடம் வந்து சேர்ந்த இம்மாணவி, 2002 இல் 100 மீற்றர் மல்லாந்த நீச்சலை 59.58 செக்கனில் நீந்தி, ஒரு நிமிடத்துக்குள் அத்தூரத்தைக் கடந்த முதற் பெண் ஆனார். பிற்காலத்தில் மூன்று ஒலிம்பிக் போட்டிகளிற் பன்னிரண்டு பதக்கங்களையும் வென்றார்.

நாள்தோறும் மிக நீண்ட தூரம் நீந்தவைப்பதே பயிற்சி என்ற கொள்கை அக்காலத்தில் ஓங்கியிருந்தது. மக்கீவரோ தூரத்தைக் குறைத்து, நீரில் உடல் அமையும் விதத்துக்கும் கைவீச்சின் செம்மைக்கும் முதன்மை அளித்தார். காயமுற்ற தோளை மேலும் வருத்தாது வேகத்தைப் பெருக்க இம்முறை உதவியது. உடலை அறிந்து கற்பிக்கும் ஆசிரியர் என்ற புகழ் அவருக்கு உரியதாயிற்று.

பல்கலைக்கழகப் போட்டியில் தனியொருவரின் வெற்றி மட்டும் பட்டத்தைத் தந்துவிடாது. தனி நீச்சல்கள், நால்வர் நீந்தும் அஞ்சல் நீச்சல்கள், பலகையிலிருந்தும் மேடையிலிருந்தும் நீரிற் பாயும் போட்டிகள் ஆகிய யாவற்றிலும் ஈட்டப்படும் புள்ளிகளின் கூட்டுத்தொகையே குழுவின் இடத்தைத் தீர்மானிக்கின்றது. பதினாறாம் இடத்தில் முடிப்பவளும் ஒரு புள்ளியைக் கொண்டுவருகின்றாள். இவ்வாறு அமைந்த போட்டியிற் பேர்க்லி மகளிர் 2009, 2011, 2012, 2015 ஆகிய ஆண்டுகளிற் பட்டம் வென்றனர். 2012 இல் இலண்டன் ஒலிம்பிக்கிற்குச் சென்ற அமெரிக்க மகளிர் நீச்சற் குழுவின் தலைமைப் பயிற்றுநராக மக்கீவர் நியமிக்கப்பட்டார். அப்பதவியை வகித்த முதற் பெண் அவரே. அவரிடம் பயின்ற டேனா வோல்மர் அப்போட்டியில் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலை 55.98 செக்கனில் முடித்து உலக சாதனை நிலைநாட்டினார்.

இவ்வரலாறு இங்கேயே முடிந்திருப்பின் அது இனிய வெற்றிக் கதையாக நின்றிருக்கும். ஆனால், 2022 மே மாதத்திற் கலிபோர்னியப் பத்திரிகைகளில் அவருடைய வீராங்கனையர் பலரின் முறைப்பாடுகள் வெளியாயின. வசைமொழிகளாலும் அச்சுறுத்தலாலும் தாம் நெடுங்காலம் வருத்தப்பட்டதாக அவர்கள் கூறினர். பல்கலைக்கழகம் அவரைப் பணியிலிருந்து விலக்கிவைத்து, வெளியாரைக் கொண்டு விசாரணை நடத்தியது. இனம், தேசியப் பிறப்பு, உடற்குறைபாடு ஆகியன தொடர்பான பாகுபாட்டைத் தடுக்கும் விதிகள் மீறப்பட்டதாகவும் வசைமொழி பயன்படுத்தப்பட்டதாகவும் விசாரணை கண்டது. 2023 சனவரி 31 ஆந் திகதி அவர் பதவிநீக்கப்பட்டார். அம்முடிவுகளை மக்கீவர் முற்றாக மறுத்தார். தாம் பெண் என்பதும் தம்மை மதிப்பிட்ட முறையைப் பாதித்தது என்றார். அவருக்கு ஆதரவாகப் பேசிய மாணவியரும் இருந்தனர்.

மாணவியர் இத்தனை காலம் பேசாதிருந்தமைக்குக் காரணம் என்ன? அதற்கான விடை அவர்களது கோழைத்தனத்தில் இல்லை. பதவியின் அமைப்பிலேயே உண்டு. அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற் பயிற்றுநரின் கையிற் பல திறவுகோல்கள் உள்ளன. குழுவில் எவர் இடம்பெறுவர், எந்நிகழ்ச்சியில் எவர் நீந்துவர் என்பவற்றை அவரே தீர்மானிக்கின்றார். விளையாட்டுப் புலமைப்பரிசில் பல தசாப்தங்களாக ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியதாகவே இருந்தது. பல்லாண்டுகளுக்கு ஒருங்கே வழங்க 2012 இலிருந்தே இடமளிக்கப்பட்டது. ஒருவரின் சினத்துக்கு ஆளாகும் மாணவி நீச்சலை மட்டுமன்றிக் கல்வியையும் இழந்துவிடுவேனோ என்று அஞ்சுவது இயல்பே. அத்தகையவளின் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது பெரும் பிழையாகும்.

இங்கு இரு தவறான முடிவுகள் தவிர்க்கப்படல் வேண்டும். ஒரு பெண்ணின் வீழ்ச்சியைக் காட்டி, பெண்கள் தலைமைக்குத் தகுதியற்றவர் என்பது ஒன்று. ஓர் ஆண் பயிற்றுநர் வீழ்ந்தபோது ஆண்குலம் முழுவதும் தகுதியற்றது என எவரும் கூறியதில்லை. முதற் பெண் என்ற சிறப்புக்காக அவருடைய செயல்களை ஆராயாது விடுவது மற்றையது. ஒரே குற்றத்துக்கு ஆணைவிடப் பெண் கடுமையாக மதிப்பிடப்படுகின்றாளா என்பது நேர்மையாக ஆராயப்பட வேண்டிய கேள்வியே. ஆயின், அக்கேள்விக்கு எவ்விடை கிடைப்பினும், துன்புற்றதாகக் கூறும் மாணவியின் குரல் அதனாற் செவிமடுக்கப்படாது போதல் ஆகாது. அவளும் பெண்ணே, ஒன்பதாம் தலைப்பு அவளுக்காகவே இயற்றப்பட்டது.

குயிக்கின் பன்னிரண்டு பட்டங்களும் மக்கீவரின் நான்கு பட்டங்களும் ஏடுகளில் நிலைத்திருக்கும். கோக்லினின் நிமிடமும் வோல்மரின் செக்கன்களும் அவ்வாறே. ஆனால், போட்டியின் புள்ளிக்கணக்கு உணர்த்தும் நீதி ஒன்று உண்டு. முதலாவதாக வருபவளோடு பதினாறாவதாக வருபவளும் அங்கு கணக்கிற் சேர்கின்றாள். பயிற்றுநரை மதிப்பிடும் போதும் இந்நீதியே பொருந்தும். பதக்கம் பெற்றவள் என்னவானாள் என்று கேட்பதோடு, பதக்கம் எதுவும் பெறாது நான்கு ஆண்டுகளின் பின் தடாகத்தை விட்டு வெளியேறியவள் நிமிர்ந்த தலையோடு சென்றாளா என்றும் கேட்டல் வேண்டும்.