குடைக்காம்பு

வரவேற்பறைச் சுவர் வெறிச்சென்று கிடக்கிறதே என்று ஒரு படம் அச்சிடக் கொடுத்தேன். ஆன்டனி வான் டைக் 1623-இல் ஜெனோவாவில் தீட்டிய எலேனா கிரிமால்தி. கத்தானியோ வீட்டு மருமகள், சீமாட்டி. கறுப்பு உடை, கழுத்தைச் சுற்றி வெள்ளை மடிப்புப் பட்டை, மணிக்கட்டுகளில் பளீரென்ற சிவப்பு. தலைக்குப் பின்னே அதே சிவப்பில் ஒரு குடை, ஒளிவட்டம் மாதிரி.

பிரேம் கடைக்காரர், "சட்டத்துக்கு அடங்கல சார், ஓரத்துல கொஞ்சம் எடுத்துட்டேன். அம்மா நல்லாத்தான் இருக்காங்க" என்றார். அம்மா நன்றாகத்தான் இருந்தார். பின்னால் குடை பிடித்து வரும் ஆப்பிரிக்கப் பணியாளர்தான் பாதி போய்விட்டார். குடைக்காம்பு எந்தக் கையிலிருந்து கிளம்புகிறது என்றே தெரியவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? ஓவியத்தின் தலைப்பிலும் சீமாட்டியின் பெயர் மட்டும்தானே இருக்கிறது. ஜெனோவா துறைமுகத்தில் அன்று பட்டோடும் வெள்ளியோடும் அடிமைகளும் வந்து இறங்கினார்கள். கொற்றக்குடை என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் பிடித்தவன் பேரை நாமும் எழுதிவைத்ததில்லை.

சொந்தச் செலவில் மறுபடி அச்சிட்டு, கண்மட்டத்தில் மாட்டினேன். என்னவோ சரியில்லை. மிடுக்கு எங்கோ போய்விட்டது. பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பது போல இருந்தார். அப்புறம்தான் உறைத்தது. மூல ஓவியம் கிட்டத்தட்ட எட்டடி உயரம். இப்போது வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சீமாட்டியின் பிள்ளைகள் பிலிப்போ, மத்தலேனா படங்களும் அங்கேயே. அரண்மனைக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்காக வரைந்தது அது. தொடுவானத்தைத் தாழ்த்தி, பின்னால் தூண்களை நிறுத்தி, பார்ப்பவரைக் கீழே தள்ளித்தான் வான் டைக் அந்தப் பெண்ணை உயர்த்தியிருக்கிறார். என்னுடையதோ இரண்டடிப் படம்.

பழைய வீடுகளில் தாத்தா பாட்டி படங்களை உத்தரத்தை ஒட்டி, முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். அதே மாதிரி ஆணியை மேலே ஏற்றினேன். மனைவி, "ஒட்டடைதான் அடையும்" என்றாள். அடைகிறது.

மதியம் பாயில் படுத்தபடி பார்த்தால் சீமாட்டிக்கு முழு உயரமும் வந்துவிடுகிறது. முகவாய், சிவப்புக் குடை, அப்படியே காம்பு வழியாக இறங்கினால் அந்தக் கை.