ஆடிக் காற்றில் பறக்கும் பாறை

ஆடி பிறந்துவிட்டால் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் வெளியே துணி காயப்போடத் தயங்குவார்கள். தங்கச் சுரங்கத்தின் சக்கை குவிந்த சயனைட் மேட்டிலிருந்து கிளம்பும் தூசி கொடியில் கிடக்கும் வேட்டியின் நிறத்தையே மாற்றிவிடும். “மைனுக்குள்ள கிடந்த கல்லு வீட்டுக்குள்ள வந்துடுச்சு” என்று முணுமுணுத்தபடி அம்மா திண்ணையைப் பெருக்குவாள்.

உண்மையில் அது கல்தான். சுமார் 270 கோடி வருடங்களுக்கு முன்னால் கடலடியில் எரிமலைக் குழம்பாக வழிந்தது. குழம்பு தண்ணீரில் பட்டு உருண்டு திரண்ட தலையணைப் பாறைகளை இங்கே இன்றும் காணலாம். அவற்றைத் தேசிய நிலவியல் சின்னமாக அறிவித்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் நாங்கள் அவற்றைத் தாண்டித்தான் போகிறோம், திரும்பிப் பார்ப்பதில்லை.

நைனா ஷிப்ட்டில் இருக்கும் இரவில் கட்டில் அதிர்ந்தால் தெரு முழுக்க எழுந்து உட்கார்ந்துவிடும். ராக் பர்ஸ்ட். மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் நாலாபுறமும் நெருக்குண்டு கிடந்த பாறைக்கு, சுரங்கம் தோண்டிய பக்கம் மட்டும் பிடிமானம் போய்விடுகிறது. அந்தப் பக்கமாகச் சிதறித் தெறிக்கும். சங்கு ஊதுகிறதா என்று அம்மா காதைத் தீட்டிக்கொண்டிருப்பாள்.

கோலார் அந்தரகங்கை மலையில் ஏறும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். அங்கே கருங்கல் வெங்காயச் சருகு மாதிரி ஏடு ஏடாக உரிந்து நிற்கிறது. காரணத்தில் பாதி அதேதான்: மேலே கிடந்த சுமை தேய்ந்து போனதும் கல் விரிந்து பிளக்கிறது. மிச்சத்தை மழைத்தண்ணீரும் வெயிலும் பார்த்துக்கொள்கின்றன. கருங்கல்லிலுள்ள குவார்ட்ஸ் துணுக்கு மணலாகும், ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகும். மலைக்கு அவசரமில்லை. நைனாவுக்குக் கீழே ஒரு நொடிகூடக் கிடைத்ததில்லை.

அம்மா பெருக்கிய தூசிக்கு வருகிறேன். வெயிலும் மழையும் யுகக்கணக்கில் செய்யும் வேலையைச் சுரங்கத்தின் மில் சில மணி நேரத்தில் முடித்தது. கல்லை மாவாக்கி, சயனைட் கரைசலில் தங்கத்தை எடுத்துவிட்டு, சக்கையை மேடாகக் குவித்தது. ஆனால் இந்த ஊரில் முதல் மில் இயற்கையுடையது. 1802-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜான் வாரன் வந்தபோது உள்ளூர்க்காரர்கள் மண்ணை அலசியே பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கல் மட்கியிருக்கிறது, பொன் மட்காமல் மண்ணில் தங்கியிருக்கிறது. தங்கவயலின் கதையை வெள்ளைக்காரனிலிருந்து தொடங்குவது எனக்கு ஒப்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடினார்கள். மேடுகள் மூடவில்லை. ஒவ்வொரு மழையும் அவற்றில் ஓடை ஓடையாக அறுக்கிறது. மலை தேயும் வேகத்தைவிடப் பலமடங்கு வேகத்தில். மாவான கல்லுக்கு வேர் ஏது, பிடிப்பு ஏது? இப்போது அந்த மேடுகளையும் விடப்போவதில்லை. மொத்தம் 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கும் மேலான சக்கை. அதில் ஒட்டியிருக்கும் தங்கத்தைத் திரும்ப எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் சம்மதம் தந்திருக்கிறது. டன்னுக்கு ஒரு கிராம் தேறுமாம். அதையும் எடுத்துவிட்டு மிஞ்சும் மாவை எங்கே கொட்டுவார்கள் என்றுதான் பேட்டைக் கடைவீதியில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.