சராசரி சொல்லாத சங்கதி

மிதிப்பவரின் வலுவை உவாற்றிற் காட்டும் கருவியொன்றை மருமகன் எமது துவிச்சக்கரவண்டியிற் பூட்டித் தந்தான். சென்ற ஞாயிறு, பண்ணைத் தாம்போதி வழியே வேலணை நோக்கிப் புறப்பட்டோம். எதிர்காற்றில் அரைமணி நேரம் 180 உவாற்று. திரும்புகையில் காற்றே தள்ளிற்று. அரைமணி நேரம் 60. வீடு சேர்ந்ததும் கருவி 'சராசரி 120' என்றது. எம் கால்களோ அதனை ஏற்க மறுத்தன!

வலு ஏறுவதினும் விரைவாகக் களைப்பு ஏறும். ஆதலின், உடற்பயிற்சி அறிஞர் முப்பது செக்கன் சராசரிகளை நான்காம் அடுக்கிற்கு உயர்த்தி, அவற்றின் சராசரிக்கு நான்காம் மூலங் காண்பர். அவ்வாறு கணித்தபோது ஏறத்தாழ 152 வந்தது. ஒருமணி நேரம் ஓயாது 152 உவாற்றில் மிதித்தாற் போன்ற களைப்பு என்பதே இதன் பொருள்.

அன்றிரவு மாணவரின் தேர்ச்சி அறிக்கைகளை எடுத்தோம். ஒருவனுக்கு மூன்று தவணைகளிலும் 30, 48, 72. 'சராசரி 50, நடுத்தரம்' என முன்னரே எழியிருந்தோம். முதலாந் தவணையிலே தந்தையை இழந்தவன் அவன். அவனுக்கு வீசிய எதிர்காற்றை யாம் எண்ணினோமில்லை. 'நடுத்தரம்' என்பதை வெட்டிவிட்டு, 'அரிய முயற்சி' என எழுதினோம்.