பெயர்களின் வரிசை

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையிலான கரிசல்காட்டில் பல ஆண்டுகளாக எடுத்த படங்கள்: கண்மாய்கள், தறிகள், மிளகாய்க் களங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று. கோப்பின் பெயரில் ஆண்டு, ஊர், அன்றைய மாவட்டம், எண் நான்கும் வரவேண்டும் என்பது ஏற்பாடு. அதற்காக நண்பர் ஒருவர் பைதானில் எழுதிய நிரல், ஒருமுறை ஓட்டிப் பார்க்கப்பட்ட பின், என்னிடம் வந்தது.

இந்த மண் 1985 மார்ச் வரை ராமநாதபுரம் மாவட்டம், பிறகு காமராஜர், 1997இலிருந்து விருதுநகர். நிரல் கேட்டது: ஆண்டு 1985 அல்லது அதற்குப் பின்னா? ஆமெனில் காமராஜர். இல்லையென்றால், 1997 அல்லது அதற்குப் பின்னா? ஆமெனில் விருதுநகர். வாசிக்கையில் ஒழுங்கான கால வரிசை. ஆனால் 2003ஆம் ஆண்டுப் படமும் முதல் கேள்விக்கே தலையாட்டிவிடுகிறது. இரண்டாவது கேள்வி கேட்கப்படுவதே இல்லை. ஒரு படத்துக்கும் விருதுநகர் கிட்டவில்லை. 1997ஐ முதலில் கேட்கவைத்தேன். 1985 ஜனவரிப் படங்கள் இரண்டைக் கையால்தான் திருத்த முடிந்தது.

ஊர்ப்பெயர் இன்னும் மோசம். ஆங்கிலத்தில் ழகரத்தை ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். (2020 ஜூனில் அரசே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றி ஆணையிட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது.) எனவே நண்பர், 'ஊர் திருச்சுளி அல்லது திருச்சுழி என்றால்' என்று எழுதியிருந்தார். நமக்கு அர்த்தம் விளங்குகிறது. பைதானுக்கோ 'அல்லது'க்குப் பின்னால் இருப்பது தனித்து நிற்கும் வெறும் சொல். காலியாக இல்லாத எந்தச் சொல்லும் அதற்கு உண்மை. கவிஞர்களுக்கு இந்தக் கொள்கை பிடிக்கக்கூடும். நிபந்தனை எப்போதும் நிறைவேற, அருப்புக்கோட்டைத் தறிகளும் பந்தல்குடிக் கண்மாய்களும் திருச்சுழிக்குக் குடிபோயின. 'ஊர்' என்பதை இரு பக்கமும் எழுதிவிட்டால் சரியாகிவிடும்.

சரியாகாதது ஒன்று உண்டு. மாற்றும் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் விண்டோஸ் மறுத்துப் பிழை காட்டும். லினக்ஸ் பழையதைச் சத்தமின்றி அழித்து அங்கே புதியதை வைக்கும். நண்பருடையது லினக்ஸ். பந்தல்குடியின் 14ஆம் படம் திருச்சுழி 14 என்றாகி, அடுத்து வந்த அசல் திருச்சுழி 14 அதன்மேல் உட்கார்ந்தது. இப்படி அழிந்த மற்றவற்றை மறுபடி ஸ்கேன் செய்தோம். இந்த ஒன்றின் பிரதியை மட்டும் இதற்குள் கரையான் அரித்திருந்தது. 1983இல் நீர் நிறைந்து கிடந்த கண்மாய் அது. இப்போது அங்கே சீமைக்கருவேல்.

பெயர் மாற்றுமுன் அப்பெயர் உண்டா என்று கேட்கும் ஒரு வரியைச் சேர்த்திருக்கிறேன். பந்தல்குடி வரிசையில் 13க்கு அடுத்தது 15.