அப்பா கிராணி இல்லை

என் அப்பா கிராணி இல்லை. பகாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலை பார்த்தவர். அதிலும் பெரும்பாலும் கால்வாய் வெட்டியவர். அளந்துதான் கூலி. எத்தனை அடி வெட்டினாரோ அத்தனைக்குக் காசு. இந்த நாலு வரியைச் சொல்ல எனக்கு அறுபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

முதலாம் படிவத்தில் சேர்ந்தபோது பாரத்தில் 'தகப்பனார் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. பக்கத்து மேசைக்காரன் 'போலீஸ்' என்று எழுதினான். நான் 'கிராணி' என்று எழுதினேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தோட்டத்து ஆபீஸ் எழுத்தரான கிராணிக்குத் தனி வீடு, வெள்ளைச் சட்டை, கையில் வேலையாட்கள் பேர் பதியும் செக்ரோல் புத்தகம். அந்தக் காலத்துக் கிராணிமார் பெரும்பாலும் மலையாளிகள், இல்லையென்றால் யாழ்ப்பாணத்தார். லயத்து வீட்டுப் பையனுக்குக் கிராணி அப்பா எப்படி என்று ஒரு வாத்தியாராவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொய் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சிரம்பானில் பெண் பார்க்கப் போனோம். தரகரிடம் நான் சொல்லி வைத்திருந்ததை நம்பிப் பெண்ணின் தகப்பனார் கேட்டார்: "சம்பந்தி ஆபீஸ்லதானே இருந்தீங்க?" அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் மடியில் கிடந்த துண்டுக்குக் கீழே தள்ளிக்கொண்டு, "ஆமாங்க" என்றார். கட்டைவிரல் அடியிலும் உள்ளங்கையிலும் மண்வெட்டிப் பிடி காய்த்துப் போன கைகள் அவை. காப்பி டம்ளர் வந்தபோதும் எடுக்கவில்லை, ஆறிப்போகட்டும் என்றார்.

கல்யாணமான சில மாதத்தில் மனைவிக்குத் தெரிந்துபோயிற்று. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போன மருமகளிடம் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? அவள் சண்டை போடவில்லை. "நீங்க சொன்னது போகட்டும், மாமாவை ஏன் சொல்ல வச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்லாமல் வெளியே போய் நின்றேன். அப்பா இறந்ததும் பத்திரிகையில் போட்ட அறிவிப்பில் 'முன்னாள் தோட்டக் கிராணி' என்றே அச்சாகியிருந்தது. எழுதிக் கொடுத்தவன் நான்.

இத்தனைக்கும் நான் சரித்திர வாத்தியார். பெனாரிக்கான் என்ற பழைய படகு இழுக்கும் வழியைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தினேன். ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மலாக்கா நீரிணைக்குப் போகிறது. சிர்த்திங் ஆற்றுத் தண்ணீர் பகாங் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. எங்கள் ஜெம்போல் வட்டாரத்தில் இந்த இரண்டு ஆறுகளுக்கும் நடுவே சில நூறு மீட்டர் தரைதான். அங்கே படகைக் கரையேற்றி இழுத்து அடுத்த ஆற்றில் விட்டால், தீபகற்பத்தையே படகில் குறுக்கே கடந்துவிடலாம். வரைபடக்காரர் எரேடியாவின் 1613ஆம் ஆண்டு வரைபடத்திலேயே அந்த இடம் இருக்கிறது. 1511இல் மலாக்கா போர்த்துகீசியரிடம் விழுந்தபின் சுல்தான் மஹ்முட் பகாங்குக்குத் தப்பிய வழி இது என்பார்கள். "சுல்தான் பேர் இருக்கு. படகை இழுத்தவன் பேர் எங்கே?" என்று வகுப்பில் குரலை உயர்த்திக் கேட்பேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். எனக்கே என்மீது மதிப்பு கூடிவிடும்.

மலேரியாப் பாடமும் அப்படித்தான். 1901இல் கிளாங்கில் சதுப்பு நிலத்தை வடியவைத்துக் காய்ச்சலைக் குறைத்த டாக்டர் மால்கம் வாட்சனைப் பற்றிச் சொல்வேன். மலைப்பாங்கான தோட்டங்களில் வெயில் படும் திறந்த ஓடையே வேறொரு கொசுவுக்கு வசதியாகிப் போனதையும், அதனால் மண்ணுக்கடியில் குழாய் பதித்து, ஓடையில் எண்ணெய் தெளித்ததையும் சொல்வேன். ஜப்பான்காரன் காலத்தில், 1943 கடைசியில், சிங்கப்பூரிலிருந்து கத்தோலிக்கக் குடும்பங்களைப் பகாவ் காட்டில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். மலேரியாவிலும் பட்டினியிலும் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது எங்கள் ஊரில் உயிர்காக்கும் வேலை. அந்த வேலையை என் வீட்டிலேயே ஒருவர் செய்தார் என்று ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை.

ஓய்வுபெற்றபின் ஓர் அக்டோபரில், இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மகள் எங்களைக் கால்வாய்ப் படகில் அழைத்துப் போனாள். ஏழடிக்கும் குறைவான அகலத்தில் நீண்டு கிடக்கும் இரும்புப் படகு அது. உள்ளேயே கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. மணிக்கு நான்கு மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. கரையில் நாயோடு நடப்பவர் முந்திப் போவார். அது இலையுதிர் காலம். லங்கோலன் கால்வாய் முழுக்க மஞ்சள் சருகு. அது விசிறியில் சுற்றிக்கொண்டால் படகு முனகும். எஞ்சினை அணைத்து, பின்பக்க மூடியைத் திறந்து, முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடுங்கி எடுக்க வேண்டும். ஒரு முறை செய்துவிட்டு விரல் விறைத்துப்போயிற்று என்று புலம்பினேன். மனைவி துவாலையை நீட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. அடைமழைக் காலத்தில் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் நின்று அப்பா வெட்டியது அவளுக்கும் தெரியும்.

பொறியாளர்கள் டெல்ஃபர்டும் ஜெஸப்பும் கட்டி 1805இல் திறந்த போன்ட்கசல்தே நீர்ப்பாலத்தின்மேல் படகு போனபோது, ஒரு பக்கம் கைப்பிடிகூட இல்லாமல் கீழே 38 மீட்டர் பள்ளம். நான் உணர்ச்சிவசப்பட்டுப் பேச ஆரம்பித்தேன். எந்திரம் இல்லாத காலத்தில் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் வைத்து இந்த நாட்டுக் கால்வாய்களை வெட்டிய கூலிகளைப் பற்றி, தண்ணீர் கசியாமலிருக்கக் களிமண்ணைக் கொட்டி மிதித்துக் கெட்டிப்படுத்தியதைப் பற்றி. கண்கூடக் கலங்கியது. முன்பின் தெரியாத வெள்ளைக்காரக் கூலிக்காக.

கிரின்ட்லி புரூக்கில், படகை ஏற்றி இறக்கும் தண்ணீர்க் கதவுகள் படிபடியாக இருக்கும். அங்கே உதவிக்கு நின்ற தன்னார்வலர் ஒருவர், கால்வாயைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே, குடும்பத் தொழிலா என்று விளையாட்டாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்: "எங்க தாத்தா மலேசியாவில் ரப்பர் தோட்டத்து ஆபீஸ்ல கிராணி." சொல்லும்போது அவள் முகத்தில் பெருமை.

அவள் பொய் சொல்லவில்லை. நான் கொடுத்ததைச் சொன்னாள். கதவுகளுக்கு நடுவே தண்ணீர் வடிந்து படகு கீழிறங்க வெகு நேரம் பிடித்தது. "இல்லம்மா, தாத்தா கால்வாய் வெட்டினவர்" என்று சொல்லத் தாராளமாக நேரம் இருந்தது. அந்த இடத்தில், அந்த மனிதர் முன்னால், அதைவிடக் கௌரவமான தொழில் வேறு இருந்திருக்க முடியாது. சிரித்துத் தலையாட்டினேன்.

பன்னிரண்டு வயதுப் பையன் வெட்கத்தில் எழுதியதை மன்னிக்கலாம். வறுமை என்று சாக்குச் சொல்லலாம். கிரின்ட்லி புரூக்கில் தலையாட்டியவனுக்கு எந்தச் சாக்கும் இல்லை. அவன் ஓய்வூதியம் வாங்குகிறவன். எந்தப் பாரத்தையும் நிரப்பவேண்டிய அவசியம் இல்லாதவன்.

மனைவி இதைப் படித்துவிட்டு, "மகளுக்கு எப்போ சொல்லப் போறீங்க?" என்றாள். மகள் தேசியப் பள்ளியில் படித்தவள். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இதைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.