மருதனைக் கொன்னது நான்தான்!

ஒரு சின்னக் கேள்வி பாஸ். உங்க கேங்ல ஆறு பேர். வாரா வாரம் ஒரே இடம், ஒரே டீ, ஒரே அரட்டை. திடீர்னு ஒருத்தன் வரல. அடுத்த வாரமும் வரல. மூணாவது வாரம் என்ன பண்ணுவீங்க?

‘போன் பண்ணிக் கேப்போம்’னு டக்குனு சொல்றீங்க பாருங்க... நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனா, நிஜத்துல நான் பண்ணினது வேற. அவன் தலையில ஒரு பாறையைத் தூக்கிப் போட்டேன்!

பதறாதீங்க. விளையாட்டுலதான். ஆனா, அது விளையாட்டு மட்டும் இல்லைன்னு புரியறதுக்கு எனக்கு ஒரு மாசம் ஆச்சு. அந்தக் கதைதான் இது.

தாயமும் பாட்டி கதையும்

சனிக்கிழமை ராத்திரி மெஸ் முடிஞ்சதும் எங்க ஹாஸ்டல் ரூம்ல கட்டிலை ஓரமாத் தள்ளிட்டு, தரையில வட்டமா உக்காருவோம். விளையாட்டு பேரு ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. செல்லமா டி அண்ட் டி. 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு பேர் சேர்ந்து கொண்டுவந்தது. கம்ப்யூட்டர் வேண்டாம், கரன்ட் இருந்தா நல்லது, இல்லாட்டி மெழுகுவத்தி போதும். பேப்பர், பென்சில், 4 முகத்துல இருந்து 20 முகம் வரைக்கும் விதவிதமான தாயக்கட்டை, அப்புறம் கொஞ்சம் வாய். அவ்வளவுதான்.

ஒருத்தர் கதை சொல்லணும். அவர்தான் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டி.எம். எங்க கேங்குக்கு அது அடியேன். மத்த அஞ்சு பேரும் ஆளுக்கு ஒரு கேரக்டர். ‘முன்னால ஒரு குகை. உள்ள இருந்து உறுமல் சத்தம். என்ன பண்றீங்க?’ன்னு நான் கேப்பேன். ஒருத்தன் வாளை உருவுவான். ஒருத்தன் ஓடுவான். ஒருத்தன், ‘உறுமுறவன்கிட்ட பேரம் பேசுறேன்’பான். நடக்குமா, நடக்காதான்னு சந்தேகம் வந்தா 20 முகக் கட்டையை உருட்டணும். பெரிய நம்பர் விழுந்தா ஜெயம், சின்ன நம்பர் விழுந்தா சங்கு. பாட்டி கதையையும் தாயத்தையும் ஒரே மிக்ஸியில போட்டு அரைச்ச மாதிரி இருக்கும்.

ஒரே ஒரு சிக்கல். கதை ஒரு ராத்திரியில முடியாது. மாசக்கணக்குல ஓடும். ஆறு இன்ஜினீயரிங் பசங்க மாசக்கணக்குல ஒரே நேரத்துல ஒரே ரூம்ல இருக்கணும்னா, அது டிராகனைக் கொல்றதைவிடக் கஷ்டம். இன்டர்னல்ஸ் வரும், அரியர் வரும், சிம்போசியம் வரும், எவனோ ஒருத்தனோட அக்காவுக்குக் கல்யாணம் வரும்.

பாறை விழுந்தது இப்படித்தான்

அவனை மருதன்னே கூப்பிடுறேன். அது விளையாட்டுல அவன் கேரக்டரோட பேரு. நிஜப் பேரைப் போட வேண்டாம்னு சொல்லிட்டான். மருதன் ஒரு வில்லாளி. எங்க எல்லாரோட கேரக்டர் ஷீட்லயும் வெறும் நம்பர்தான் இருக்கும். அவன் ஷீட்டைத் திருப்பினா, மருதனோட ஊரு, ஆட்டுக்குட்டி, தொலைஞ்சுபோன தங்கச்சின்னு குட்டிக் குட்டி எழுத்துல ஒரு பக்கம் முழுக்க இருக்கும்.

முதல் வாரம் அவன் வரல. ‘பரவாயில்ல’ன்னு மருதனையும் சேர்த்து நானே ஆடினேன். ரெண்டாவது வாரமும் வரல. ‘மருதனுக்கு வயித்தால போகுது, கூடாரத்துல படுத்திருக்கான்’னு சொன்னேன். ரூமே சிரிச்சுது. மூணாவது வாரம் எனக்குக் கோபம். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சு, மேப் வரைஞ்சு, கதை யோசிச்சு வர்றேன். இவன் ஒரு மெசேஜ்கூடப் போட மாட்டானா?

பாழடைஞ்ச கோட்டைப் பாதையில எல்லாரும் போய்க்கிட்டு இருந்தாங்க. ‘மேல இருந்து ஒரு பாறை. நேரா மருதன் தலையில. குளோஸ்!’னேன். மறுபடி ரூமே சிரிச்சுது. நான்தான் அதிகமாச் சிரிச்சேன்.

இதுல ஒரு ரூல் இருக்கு, சொல்லியே ஆகணும். டி அண்ட் டி-யோட அஞ்சாம் பதிப்பு 2014-ல வந்துச்சு. நாங்க ஆடுறது அதுதான். அதுல உங்க கேரக்டரோட உயிர்ப் புள்ளி பூஜ்யத்துக்கு வந்தாலும் சாதாரணமா உடனே சாவு இல்ல. ‘டெத் சேவ்’னு ஒண்ணு உண்டு. 20 முகக் கட்டையை உருட்டணும். 10 அல்லது அதுக்கு மேல விழுந்தா ஒரு வெற்றி. கீழ விழுந்தா ஒரு தோல்வி. மூணு வெற்றி முதல்ல வந்தா உயிர் நிக்கும். மூணு தோல்வி முதல்ல வந்தா முடிஞ்சுது. அந்தக் கட்டையை உருட்டறது டி.எம். இல்ல. அந்தக் கேரக்டருக்குச் சொந்தக்காரன்.

நான் அதைக்கூட அவனுக்கு விட்டுவைக்கல.

திங்கட்கிழமை மெஸ் வரிசையில என் முன்னாடி நின்னான். “மருதன் செத்துட்டானாமே?”

“ஆமாடா. நீ வந்திருந்தா தப்பிச்சிருப்பான்.”

“ஓ... சரிடா” – தட்டை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். வாட்ஸ்அப் குரூப்ல இருந்து அவன் விலகல. ஆனா, அதுக்கப்புறம் எதுக்கும் ஒரு பதிலும் இல்ல.

புதுசா ஒரு தம்பி

நாலாவது வாரம் ஆள் பத்தலைன்னு ஒரு ஜூனியரைக் கூட்டிட்டு வந்தோம். டிப்ளமோ முடிச்சுட்டு லேட்டரல் என்ட்ரியில நேரா செகண்ட் இயர்ல சேர்ந்தவன். காலியா இருந்த மருதன் இடத்துல உக்கார வெச்சோம்.

புதுசா வர்றவனை எப்படி வரவேற்கக் கூடாதுன்னு எங்ககிட்ட பாடம் படிக்கலாம். முதல் ஒரு மணி நேரம் ரூல்ஸ் லெக்சர், அதுவும் இங்கிலீஷ்ல. நடுநடுவுல ‘அன்னிக்கு அந்தப் பாலத்துல ஞாபகம் இருக்காடா?’ன்னு எங்களுக்கு மட்டும் தெரிஞ்ச பழைய காமெடி. தம்பி சிரிக்கிற இடத்துல எல்லாம் சிரிச்சான். ஒரு வார்த்தை பேசல. கடைசியில மெதுவா, “அண்ணே, தமிழ்லயே ஆடலாமா?”ன்னான்.

யார் வேண்டாம்னா? நாங்க எல்லாருமே இங்கிலீஷ்ல திணறிக்கிட்டுத்தான் ஆடிட்டு இருந்தோம். சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்ல, அவ்வளவுதான்!

அவனுக்குக் கொடுத்த கேரக்டர் ஒரு டுவார்ஃப். மலைக்குள்ள வாழ்ற குள்ள மனுஷங்க. அவன் ஷீட்டை வரி விடாம படிச்சிருக்கான். “அண்ணே, இவனுக்குக் கல் வேலை பத்தி நல்லா தெரியும்னு போட்டிருக்கே?”

“ஆமாப்பா.”

“பின்னாடி பாதையில ஒரு பாறை விழுந்து கிடக்குன்னு சொன்னீங்க. அதுக்கடியில யாரு?”

“மருதன்னு ஒருத்தன். செத்துட்டான்.”

“தூக்கிப் பார்த்தீங்களா?”

ரூம்ல யாரும் பேசல.

“எங்கப்பா கொத்தனாருண்ணே. கல்லு விழுந்தா கீழ இருக்கிறது எல்லாமே நசுங்கிடாது. ஓரத்துல சந்து இருக்கும். நான் திரும்பிப் போய்ப் பாக்குறேன்.” அப்புறம் சாதாரணமா இன்னொண்ணு கேட்டான். “ஆமா, அந்த அண்ணன் ஏன் வர்றதில்ல?”

அஞ்சு பேர் இருக்கோம். ரெண்டு வருஷமா ஒரே ஹாஸ்டல். ஒருத்தனுக்கும் பதில் தெரியல. காலேஜ்ல அட்டெண்டன்ஸ் குறைஞ்சாகூடக் காரணம் கேட்டு லெட்டர் வாங்குறாங்க. நாங்க அதுகூடக் கேக்கல.

“நீங்க யாரும் கேக்கலையேடா”

ஞாயித்துக்கிழமை காலையில போன் பண்ணினேன். பின்னாடி வண்டிச் சத்தம். “லோடு இறக்கிட்டு இருக்கேன். பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்”னான். கூப்பிட்டான்.

அவங்க அப்பா குட்டி யானை வெச்சு லோடு அடிக்கிறவர். வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சு படுத்துட்டார். மாசா மாசம் வண்டி டியூ கட்டணும். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸைப் பிடிச்சு ஊருக்குப் போய், ரெண்டு நாளும் இவன் வண்டி ஓட்டிட்டு, திங்கட்கிழமை காலையில காலேஜ்.

“ஏன்டா சொல்லல?”

“நீங்க யாரும் கேக்கலையேடா.” கொஞ்ச நேரம் கழிச்சு, “மருதனை மட்டும் விட்டு வெச்சிருக்கலாம். வண்டி ஓட்டும்போது, அடுத்து அவன் என்ன பண்ணுவான்னு யோசிச்சுக்கிட்டே போவேன்”னான்.

எனக்கு ‘சாரிடா’ன்னு சொல்லக்கூட வாய் வரல.

50 பேரா?!

குற்ற உணர்ச்சி வந்தா இன்ஜினீயர் என்ன பண்ணுவான்? மேனுவலைத் தேடுவான். நானும் தேடினேன். 1974-ல வந்த முதல் ரூல் புக்லயே ஒரு விஷயம் இருக்கு: ஒரு கதையில 4 பேர்ல இருந்து 50 பேர் வரைக்கும் ஆடலாம்! 50 பேரும் ஒரே ராத்திரி, ஒரே ரூமுக்கு வருவாங்கன்னு நினைச்சா எழுதியிருப்பாங்க? வர்றவன் வருவான், போறவன் போவான், கதை மட்டும் காத்திருக்கும்.

பென் ராபின்ஸ்னு ஒரு டி.எம். ‘வெஸ்ட் மார்ச்சஸ்’னு ஒரு ஆட்டத்தை ரெண்டு வருஷத்துக்கு மேல நடத்திட்டு, அதைப் பத்தி 2007-ல எழுதினார். அவர் ஆட்டத்துல பத்துக்கும் மேல ஆளுங்க. குறிப்பிட்ட நாள் கிடையாது. எப்ப ஆடலாம், யார் யார் போகலாம்னு ஆடுறவங்களே பேசி முடிவு பண்ணுவாங்க. ஒரே நிபந்தனை: ஒவ்வொரு ஆட்டமும் ஊருக்குள்ள ஆரம்பிச்சு, திரும்ப ஊருக்குள்ள வந்து முடியணும். அப்ப அடுத்த தடவை ஒருத்தன் வரலேன்னா, அவன் கேரக்டர் ஊர்ல பத்திரமா இருக்கான்னு அர்த்தம். பாறை தேவையில்ல!

இதையெல்லாம் வெச்சு நாங்க போட்டுக்கிட்ட சட்டங்கள் இதோ. உங்க கேங் கிரிக்கெட் டீமா இருந்தாலும் சரி, நாடகக் குழுவா இருந்தாலும் சரி, வேணுங்கிறதை எடுத்துக்கலாம்.

வராதவனுக்கு: மூணு பேர் வந்தாலே ஆட்டம் உண்டு. அதனால, ‘என்னாலதான் ஆட்டம் கெட்டுச்சு’ன்னு யாரும் குறுக வேண்டாம். வராதவன் கேரக்டர் பத்திரமான இடத்துல இருக்கும். அவன் இல்லாம அதுக்குச் சாவு கிடையாது, கேலி கிடையாது. மத்தவங்க லெவல் ஏறினா அதுவும் ஏறும். மறுநாள் யாராவது ஒருத்தன் நேர்ல போய் என்ன நடந்துச்சுன்னு கதை சொல்லணும். சொல்லும்போதே, ‘நீ எப்படிடா இருக்க?’ன்னு தானா வந்துடும்.

புதுசா வர்றவனுக்கு: லெக்சர் கிடையாது. முதல் பத்து நிமிஷத்துல கட்டை அவன் கைக்குப் போயிடணும். பக்கத்துல பழைய ஆள் ஒருத்தன், கிசுகிசுன்னு கேக்குறதுக்கு. மத்தவங்க இருக்கிற லெவல்லயே இவனும் தொடங்கணும். பழைய கேரக்டர் ஒண்ணோட அவனுக்கு ஒரு உறவு: மாமன், கடன்காரன், எதுவா இருந்தாலும் சரி. முக்கியமா, அவனுக்கு மட்டுமே தெரிஞ்ச ஒரு விஷயம் கையில இருக்கணும். எங்க தம்பிக்குக் கல் தெரிஞ்ச மாதிரி.

கடைசிச் சட்டம்தான் எங்களுக்குப் பெருசு. சனிக்கிழமைங்கிறது சாமி சொன்னது இல்ல. புதன்கிழமைக்கு மாத்தினோம்.

அந்தப் புதன்கிழமை

கதவைத் தள்ளிட்டு மருதன் உள்ள வந்தான். தம்பி சட்டுனு எழுந்து, “உங்க இடம்ண்ணே”ன்னான். “நீ உக்காருடா”ன்னுட்டு, மருதன் கட்டிலை இன்னும் ஒரு அடி தள்ளிட்டு உக்காந்தான்.

கதையைப் பின்னாடி நகர்த்தினோம், பாறை விழுந்த அதே நிமிஷத்துக்கு. ரூல்ஸ்படி இது போங்கு. டி.எம். நான்தானே, யார் கேக்கப் போறா? தம்பியோட டுவார்ஃப் கடப்பாறையைச் சொருகினான். சந்துக்குள்ள ஒரு கை தெரிஞ்சுது.

“எச்.பி. எவ்வளவு?”ன்னான் மருதன்.

“பூஜ்யம். நீதான் உருட்டணும்.”

முதல் உருட்டல் 7. தோல்வி. அடுத்தது 13. அடுத்தது 4. எவனோ ஒருத்தன் ‘அய்யோ’ன்னான். அப்புறம் 16. ரெண்டு வெற்றி, ரெண்டு தோல்வி. கடைசி உருட்டல்ல கட்டை கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. ஏழு பேரும் தரையில கவுந்து படுத்து, செல்போன் டார்ச் அடிச்சுப் பார்த்தோம்.

11.

பக்கத்து ரூம்ல இருந்து வந்து கதவைத் தட்டுற அளவுக்குக் கத்தினோம்.

பாஸ், முதல்ல கேட்ட கேள்வியையே திரும்பக் கேக்குறேன். உங்க கேங்ல மூணு வாரமா வராதவன் ஒருத்தன் இருப்பான். யாருன்னு உங்களுக்கே தெரியும். இந்தப் பக்கத்தை மடிச்சு வெச்சுட்டு அவனுக்குப் போன் போடுங்க. ஏன் வரலைன்னு திட்டாதீங்க. எப்படி இருக்கேன்னு மட்டும் கேளுங்க.

எங்க கேங்ல இப்ப ஏழு பேர். அடுத்த வாரம் எட்டாவதா ஒருத்தன் வர்றானாம். கட்டிலை இதுக்கு மேல எங்க தள்றதுன்னுதான் தெரியல!